டுடேலோ: 'கடைசி ஆள்'னு திரும்பத் திரும்ப எழுதி மூடின ஒரு மொழியோட ஃபைல்

1870 அக்டோபர். கனடாவுல ஒன்டாரியோ மாகாணம், கிராண்ட் ஆத்தங்கரையில இருக்குற சிக்ஸ் நேஷன்ஸ் ரிசர்வ், அதாவது இரோக்வோய் கூட்டமைப்போட ஆறு பழங்குடி இனங்களுக்கு ஒதுக்கின நிலம். ஹொரேஷியோ ஹேல்னு ஒரு வக்கீல், அங்க அரசாங்க மொழிபெயர்ப்பாளரா இருந்த மோஹாக் தலைவர் ஜார்ஜ் ஜான்சனைக் கூட்டிக்கிட்டு ஒரு முதியவரைப் பாக்கப் போறாரு. அவர் பேரு நிகோன்ஹா, டுடேலோங்கற பழங்குடி இனத்தைச் சேந்தவரு. வயசு நூத்தாறுன்னு ஊர்ல சொல்றாங்க. குடிசைக்கு முன்னாடி சரிவுல வெயில் காஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. ஹேல் நோட்டுல எழுதி வச்சதைப் பாத்தா ஆளு கண்ணு முன்னாடி வந்துருவாரு: சுருக்கம் விழுந்த சிரிச்ச முகம், உயர்ந்த நெத்தி, பாதி மூடின கண்ணு, வெள்ளை முடி, அங்கங்க முள்ளு முள்ளா தாடி, பறவை நகம் மாதிரி வளைஞ்சு போன விரல்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் நடுநடுவுல கிண்டல் பண்ணி சிரிச்சுக்கிட்டேதான் பதில் சொன்னாராம்.

அன்னிக்கு அந்த மனுஷன் தன் டுடேலோ மொழியில சொன்னது நூறு வார்த்தை கூட முழுசா இருக்காது. ஆனா வட அமெரிக்க மொழிகளோட மேப்பை மாத்தி வரையுறதுக்கு அதுவே போதுமா இருந்துச்சு. வட அமெரிக்கப் பழங்குடி மொழிகள்ல சூவன்னு ஒரு பெரிய குடும்பம் இருக்கு, அதைப் பத்தி எழுதணும்னா அதுல பெரிய மொழியான லக்கோட்டாவுல ஆரம்பிக்கிறதுதான் வழக்கம், நான் வேணும்னேதான் இந்த டுடேலோ கேஸை எடுத்துருக்கேன். ஒரு மொழி எந்தக் குடும்பம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க, ஒரு மொழி செத்துப்போச்சுன்னு யாரு முடிவு பண்றாங்க, இந்த ரெண்டு கேள்வியும் இதைவிடத் தெளிவா ஒட்டிக்கிட்டு நிக்கிற வேற கேஸ் எனக்குத் தெரியாது.

அதுவரைக்கும் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தாங்க

சூவன் மொழிகள்னா சமவெளிக்காரங்க மொழின்னுதான் அப்போ எல்லாரும் நெனச்சாங்க. டகோட்டா, லக்கோட்டா, ஒமாஹா, ஓசேஜ், க்ரோ, ஹிடாட்சா, மாண்டன், இதெல்லாம் மிசௌரி, மிசிசிப்பி ஆறுகளை ஒட்டி, பைசன் கூட்டம் மேயுற புல்வெளிப் பக்கம் பேசுற மொழிகள். கிழக்குக் கடற்கரைப் பக்கம்னா அல்கோன்கியன், இரோக்வோயன், இந்த ரெண்டுதான் பெரிய குடும்பம். டுடேலோ ஜனங்க நியூயார்க், கனடா பக்கம் கயூகா மக்களோட கலந்து இருந்தாங்க, கயூகா இரோக்வோயன் மொழி, அதனால டுடேலோவும் இரோக்வோயன்தான்னு பொத்தாம்பொதுவா ஒரு நெனப்பு. யாரும் அவங்ககிட்ட உக்காந்து வார்த்தை கேட்டு எழுதிப் பாக்கல. பக்கத்து வீட்டுக்காரன் மொழியை வச்சு இவங்க மொழியை முடிவு பண்ணிட்டாங்க, அவ்ளோதான்.

ஹேல் அப்படி விட்டுட்டுப் போற ஆள் இல்ல. இருபது வயசு வாக்குல அமெரிக்க அரசோட கடல் பயணத்துல மொழி ஆய்வாளரா சேர்ந்து, 1838லருந்து 1842 வரைக்கும் பசிபிக் தீவுகள், ஒரிகான் பக்கமெல்லாம் சுத்தி மொழிகளைப் பதிவு பண்ணவரு. பிறகு ஒன்டாரியோவுல கிளின்டன்னு ஒரு சின்ன ஊர்ல வக்கீல் தொழில். ரிசர்வ் பக்கம் போக வர இருந்து இரோக்வோய் பெரியவங்களோட பழகினவரு. அதனால எந்த வார்த்தையைக் கேக்கணும்னு அவருக்குத் தெரியும். எண்கள், உடம்பு உறுப்புகள், தண்ணி, நெருப்பு, வீடு, நாய், நான், நீ. கடைத்தெரு வழியா, வியாபாரம் வழியா ஈஸியா கை மாறாத வார்த்தைகள்.

அந்த நூறு வார்த்தைக்குள்ள என்ன இருந்துச்சு

கொஞ்சம் நின்னு பாப்போம், ஏன்னா கேஸோட உயிரே இங்கதான் இருக்கு. நிகோன்ஹாவும் அவருக்கு அப்புறம் ஹேல் கேட்ட மத்த டுடேலோக்காரங்களும் சொன்னதுல, ரெண்டுக்கு 'நொம்பா', மூணுக்கு 'நானி', நாலுக்கு 'தோபா'. ஒமாஹாவுலயும் ரெண்டுக்கு 'நொன்பா' மாதிரிதான், லக்கோட்டாவுல 'நும்பா'. நாலுக்கு லக்கோட்டாவுலயும் 'தோபா', ஹிடாட்சாவுலயும் 'தோபா'. அஞ்சுக்கு டுடேலோவுல 'கிசஹான்'னு வருது, இதுக்கு லக்கோட்டாவுல ஜோடி கிடையாது, ஆனா ஹிடாட்சாவுல 'கிஹு'ன்னு இருக்கு. வீடு டுடேலோவுல 'அதி', ஹிடாட்சாவுல 'அதி', லக்கோட்டாவுல 'தி' (அந்தக் கூம்பு வடிவக் கூடாரம் 'திபி'யும் இதே வேர்தான்). நெருப்பு 'பெதி', லக்கோட்டாவுல 'பேதா'. நாய் 'சோங்கோ', லக்கோட்டாவுல 'ஷுங்கா'. தண்ணி 'மனி', டகோட்டாவுல 'மினி', ஒமாஹாவுல 'நி'. அமெரிக்க மேப்புல மின்னசோட்டா, நெப்ராஸ்கான்னு ரெண்டு மாநிலப் பேரு இருக்குல்ல, அது ரெண்டுக்குள்ளயும் உக்காந்திருக்கிறது இதே தண்ணிதான்.

இப்போ கயூகாவுல எண்ணிப் பாருங்க. ரெண்டு 'தெக்னி', மூணு 'அசெ', நாலு 'கேய்', அஞ்சு 'ஹ்விஸ்'. ஒண்ணு கூட பக்கத்துல வராது.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்பப் புடிச்சது. கயூகா, மோஹாக், செனெகா மாதிரி வடக்கு இரோக்வோயன் மொழிகள்ல உதடு ரெண்டும் ஒட்டிப் பொறக்குற ஓசையே பொதுவா கிடையாது. ப, ம இல்லாமலே பேசி முடிச்சுருவாங்க. நிகோன்ஹாவோட மனைவி கயூகா, ரொம்ப வருஷமா அவர் வாயில இருந்ததும் கயூகா மட்டும்தான். அப்படிப்பட்டவர் டுடேலோன்னு கேட்டவுடனே நொம்பா, தோபா, பெதி, மனின்னு உதட்டை ஒட்டி ஒட்டிப் பேசுறாரு பாருங்க. தன்னைச் சுத்தி இருந்த கயூகா பேச்சுல இல்லாத ஓசைகளை ஒரு மனுஷன் அத்தனை வருஷம் கெடாம உள்ள வச்சிருந்திருக்காரு. இதை நெனச்சா எனக்கு இப்பவும் மனசு என்னமோ பண்ணும்.

வார்த்தை ஒத்துமை மட்டும் வச்சு ஒரு மொழியைக் குடும்பத்துல சேக்க முடியாது, தற்செயலா நாலு வார்த்தை எந்த ரெண்டு மொழிக்கும் ஒத்துப்போகலாம். ஆனா இங்க இலக்கணமும் சேர்ந்து வந்துச்சு. லக்கோட்டாவுல 'மானி'ன்னா நடக்குறான் (தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல), 'மவானி'ன்னா நான் நடக்குறேன், 'மயானி'ன்னா நீ நடக்குற. நான்ங்கறதுக்கு 'வ', நீங்கறதுக்கு 'ய', அது வினைச்சொல்லோட வயித்துக்குள்ள போய் உக்காந்துக்குது. டுடேலோ வினைச்சொற்கள்லயும் இதே வேலை, இதே ஓசைகள், சில இடத்துல 'வ'வுக்குப் பதிலா 'ம'. இந்த மாதிரி உள்ளமைப்பை எல்லாம் யாரும் சந்தையில கடன் வாங்கிட்டு வர மாட்டாங்க. அதுவும் கயூகா நடுவுல இருந்துக்கிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்குற டகோட்டாக்காரங்ககிட்ட கடன் வாங்க வழியே இல்ல.

ஆனாலும் ஒரு சந்தேகம் நியாயமா வரும். சாட்சி ஒரே ஆள். அந்தக் காலத்துல போர்ல புடிச்சுட்டு வர்ற குழந்தைகளைத் தத்தெடுத்து தங்களோட இனத்துலயே வளக்குறது சகஜம். நிகோன்ஹா ஒருவேளை சின்ன வயசுல புடிச்சுட்டு வந்த ஒரு டகோட்டா பையனா இருந்தா? அப்போ அவர் பேசினது டுடேலோவே இல்ல, மொத்த கேஸும் காலி. இதைத் தீக்க ஒரே வழி வேற ஆளைக் கேக்குறதுதான். நிகோன்ஹா 1871 பிப்ரவரி 21ல இறந்துட்டாரு. ஹேல் தேடிப் போனப்போ ரிசர்வ்லயே டுடேலோ அம்மாவுக்கும் இரோக்வோய் அப்பாவுக்கும் பொறந்த சிலர் கிடைச்சாங்க, அம்மா வாய்வழியா வந்த மொழியை வச்சிருந்தாங்க, அவங்க சொன்னதும் நிகோன்ஹா சொன்னதும் ஒத்துப்போச்சு. அதுக்கப்புறம்தான் சந்தேகத்துக்கு எடமில்லாம போச்சு. 1883 மார்ச் 2 அன்னிக்கு ஃபிலடெல்ஃபியாவுல அமெரிக்கன் ஃபிலசாஃபிக்கல் சொசைட்டியில ஹேல் தன் கட்டுரையை வாசிச்சாரு. முதல் சந்திப்புக்கும் இதுக்கும் நடுவுல பன்னெண்டு வருஷத்துக்கு மேல. ஒரு சாட்சியை மட்டும் வச்சு அவசரப்படாம இருந்ததுக்கு அவருக்கு முழு மார்க் குடுக்கணும்.

வர்ஜீனியாலருந்து ஒன்டாரியோ வரைக்கும்

இந்த ஜனங்க கனடாவுக்கு எப்படி வந்தாங்கன்னு தெரிஞ்சாதான் அந்த நூறு வார்த்தையோட எடை புரியும். 1671ல வர்ஜீனியாலருந்து மலையைத் தாண்டி மேற்க போன ஆங்கிலேயக் குழு ஒண்ணு, இன்னிக்கு சேலம், ரோனோக் நகரங்கள் இருக்குற பகுதியில டொடேரோன்னு ஒரு ஊரைப் பாத்திருக்கு, அதான் டுடேலோ. பக்கத்துலயே சபோனி, ஒக்கனீச்சி, மொனாக்கன்னு சொந்தக்கார இனங்கள். ஒக்கனீச்சி ஜனங்க ரோனோக் ஆத்துல ஒரு தீவுல இருந்தாங்க, வியாபாரப் பாதையில முக்கியமான எடம். 1676ல வர்ஜீனியாக் குடியேறி நதானியேல் பேக்கன் படையோட வந்து அந்தத் தீவை அழிச்சான். ஒரு பக்கம் வெள்ளைக்காரக் குடியேறிகள், இன்னொரு பக்கம் வடக்குலருந்து வர்ற இரோக்வோய் தாக்குதல், நடுவுல நோய். இதுல மாட்டிக்கிட்டு ஊர் ஊரா நகர்ந்தாங்க. 1714 வாக்குல கவர்னர் ஸ்பாட்ஸ்வுட் கட்டின கிறிஸ்டானா கோட்டைக்குப் பக்கத்துல கொஞ்ச காலம், பள்ளிக்கூடம் எல்லாம் வச்சு, அதுவும் சில வருஷத்துல மூடிட்டாங்க. 1722ல அல்பனி உடன்படிக்கை வந்து இரோக்வோய் தாக்குதல் நின்னுச்சு.

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். இத்தன நாள் தங்களைத் தாக்கினவங்ககிட்டயே போய்ச் சேர்றாங்க. 1740கள்ல பென்சில்வேனியாவுல ஷமோகின்ல இருக்காங்க, 1745ல அங்க போன ஒரு பாதிரியார் அந்த ஒரே ஊர்ல மூணு இனம் மூணு மொழி பேசிக்கிட்டு இருந்ததை எழுதி வச்சிருக்காரு. 1753ல கயூகா அவங்களை முறைப்படி தத்தெடுத்து ஆறு தேசத்தார் கூட்டமைப்புக்குள்ள சேக்குறாங்க. இன்னிக்கு நியூயார்க் மாநிலத்துல இத்தாக்கா நகரம் இருக்குற எடத்துக்குப் பக்கத்துல, கயூகா ஏரியோட தென்முனையில கொரியோர்கோனெல்னு ஊர் கட்டி இருந்தாங்க. 1779 செப்டம்பர்ல, அமெரிக்க சுதந்திரப் போர் நடக்கும்போது, அமெரிக்க ஜெனரல் சல்லிவன் படையில ஒரு பிரிவு வந்து அந்த ஊரையும் கொளுத்திருச்சு. மிச்சம் இருந்தவங்கள்ல ஒரு பகுதி மோஹாக் தலைவர் ஜோசஃப் பிராண்ட்டோட கிராண்ட் ஆத்துக்கு வர்றாங்க, அங்க ஒரு மேட்டு நிலத்துல குடியேறுறாங்க, அந்த எடத்துக்கு டுடேலோ ஹைட்ஸ்னே பேரு. 1832ல காலரா வந்து பாதிக்கு மேல செத்துப் போயிட்டாங்க, 1848ல மறுபடியும் காலரா, ஊரே கலைஞ்சு, தப்பிச்சவங்க கயூகா வீடுகளுக்குள்ள போய் ஒண்டிக்கிட்டாங்க.

ஒரு சின்ன விஷயம் சொல்லிட்டுப் போறேன். ஹேல் நிகோன்ஹாவைச் சந்திச்ச அதே 1870லதான், ரெண்டு மாசம் முன்னாடி, ஸ்காட்லாந்துலருந்து வந்த ஒரு குடும்பம் அதே டுடேலோ ஹைட்ஸ்ல வீடு வாங்குச்சு. அலெக்சாண்டர் கிரஹாம் பெல் குடும்பம். 1874ல டெலிஃபோன் யோசனை தனக்கு வந்த எடம் அதுதான்னு பெல்லே சொல்லியிருக்காரு. அந்த வீடு இன்னிக்கு மியூசியம், அதைத் தேடி ஜனங்க வர்றாங்க, ஆனா அந்த மேட்டுக்குப் பேரு குடுத்தவங்களைப் பத்தி எத்தன பேர் யோசிப்பாங்கன்னு நெனக்கும்போது வருத்தமாத்தான் இருக்கு.

வர்ஜீனியா மண்ணுலயும் இந்த மொழி தடயம் விட்டுட்டுத்தான் போயிருக்கு. 1728ல வர்ஜீனியாவுக்கும் வட கரோலினாவுக்கும் எல்லை அளக்கப் போன வில்லியம் பேர்ட், வழியில வேட்டையாடிக் குடுக்க பேர்ஸ்கின்னு ஒரு சபோனி ஆளைக் கூட வச்சிருந்தாரு. ஓடைகளுக்கு அவர் சொன்ன பேர்களை பேர்ட் அர்த்தத்தோட எழுதியிருக்காரு. 'மோனிசீப்' ஆழமில்லாத தண்ணி. 'மசமோனி' கரையில செங்காவி கிடைக்கிறதால சாய ஓடை. 'ஒஹிம்பமோனி' மீன் துள்ளுறதால குதிக்கிற ஓடை. மூணுலயும் அந்த 'மோனி' நிக்குது பாருங்க. நிகோன்ஹா காலத்து டுடேலோவுல அது 'மனி'. நூத்தி நாப்பது வருஷ இடைவெளி, நடுவுல நாலஞ்சு ஊர் அழிவு, ஒருத்தரை ஒருத்தர் பாத்திராத ரெண்டு பேரு, ஒருத்தர் சபோனி ஒருத்தர் டுடேலோ, தண்ணிக்கு ஒரே வார்த்தை. சபோனியும் டுடேலோவும் ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் புரியுற மாதிரி இருந்துச்சுன்னு நிகோன்ஹா சொன்னதுக்கு இதைவிட நல்ல சாட்சி வேணுமா?

இதனால என்ன மாறுச்சு

அட்லாண்டிக் பக்கத்துல ஒரு சூவன் மொழி இருக்குன்னு ஆனதும், மத்தவங்களும் தேட ஆரம்பிச்சாங்க. 1881ல மொழி ஆய்வாளர் ஆல்பர்ட் கட்ஷெட் தென் கரோலினாவுல கடாவ்பா மொழியைப் பதிவு பண்ணாரு, அது சூவனுக்குத் தூரத்துச் சொந்தம். 1886ல அவரே லூசியானாவுல பிலோக்சி ஜனங்களைச் சந்திச்சு அதுவும் சூவன்னு கண்டுபிடிச்சாரு. 1894ல ஜேம்ஸ் மூனி கிழக்கு சூவன் இனங்களைப் பத்தித் தனிப் புத்தகமே போட்டாரு. 1908ல ஜான் ஸ்வான்டன் லூசியானாவுல மார்க்ஸ்வில் பக்கம் ரோசா பியரெட்னு ஒரு பெண்மணியைத் தேடிப் போறாரு, ஒஃபோ மொழி தெரிஞ்சவங்க, பாட்டிகிட்ட கத்துக்கிட்டது. ஒஃபோவுல ஃப ஓசை இருக்குறதால அது மஸ்கோகியன் குடும்பம்னு அதுவரைக்கும் நெனச்சிருந்தாங்க, அவங்க வாயைத் திறந்ததும் அந்தக் கதையும் முடிஞ்சுச்சு. இப்போ வகைப்படுத்துறப்போ டுடேலோ, பிலோக்சி, ஒஃபோ மூணையும் சேர்த்து ஒஹாயோ பள்ளத்தாக்குக் கிளைன்னு ஒண்ணா வைக்கிறாங்க.

சூவன் ஜனங்க மேற்குலருந்து கிழக்க வந்தவங்க இல்ல, கிழக்குலருந்து மேற்க போனவங்கன்னு ஹேல் வாதம் பண்ணாரு. இன்னிக்கு ஆய்வாளர்கள்ல நெறைய பேர் ஒஹாயோ ஆத்துப் பக்கமா பூர்விகத்தைத் தேடுறாங்க. ஒமாஹா, குவாப்பா ஜனங்களோட வாய்மொழிக் கதையிலயும் நாங்க ஒஹாயோ வழியா வந்து ஒரு பாதி ஆத்துக்கு மேலயும் ஒரு பாதி கீழயும் பிரிஞ்சோம்னுதான் இருக்கு, அவங்க இனப் பேர்லயே மேல போனவங்க, கீழ போனவங்கங்கற அர்த்தம் நிக்குது. படிச்சவங்க வந்து சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த ஜனங்களுக்குத் தெரிஞ்ச விஷயம் இது.

'கடைசி' யாரு?

எனக்கு இந்த கேஸ்ல கோவம் வர்ற எடம் இது. டுடேலோ பத்தி எங்க தேடினாலும் முதல்ல வர்ற வரி, கடைசி டுடேலோ நிகோன்ஹா, 1871ல இறந்தாரு, மொழி அழிஞ்சது. ஹேல் சொன்னது 'கலப்பில்லாத கடைசி டுடேலோ'. அந்த 'கலப்பில்லாத' எப்படியோ உதிர்ந்து போய் 'கடைசி' மட்டும் தங்கிருச்சு. ஆனா ஹேலே அதே கட்டுரையில இன்னொண்ணும் சொல்றாரு: அந்த ஜனங்க வழக்கப்படி பிள்ளைங்க அம்மாவோட இனம். அப்போ டுடேலோ அம்மாவுக்குப் பொறந்தவங்க அவங்க சட்டப்படி முழு டுடேலோதான். அப்பா இரோக்வோய்ங்கறதால அரை, காலுன்னு பிரிக்கிறது அவங்க கணக்கு கிடையாது, வெளிலருந்து வந்தவங்க கொண்டு வந்த ரத்தக் கணக்கு. மொழிக்கு ரத்தக் கணக்கு எதுக்கு? வாயைத்தானே எண்ணணும்?

வாயை எண்ணினா கதையே வேற. கோஸ்டாங்கோன்னும் ஜான் கீன்னும் அறியப்பட்ட ஒருத்தர் நல்லா சரளமா பேசினாரு, 1898 மார்ச் 23ல இறந்தாரு, அவரையும் 'கடைசி'ன்னு எழுதுனாங்க. 1911ல மொழி ஆய்வாளர் எட்வர்ட் சபிர் அதே ரிசர்வுக்குப் போய், கயூகாக்காரர் ஒருத்தர்கிட்ட டுடேலோ வார்த்தைகள் எழுதிட்டு வந்து 1913ல வெளியிட்டாரு. 1930கள்ல மானுடவியல் ஆய்வாளர் ஃபிராங்க் ஸ்பெக் போனப்போ டுடேலோ தத்தெடுப்புச் சடங்கு உயிரோட நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஒருத்தர் இறந்துட்டா அவர் எடத்துக்கு உயிரோட இருக்குற ஒருத்தரை முறைப்படி தத்தெடுத்து உக்கார வைக்கிற சடங்கு, அதுக்குன்னு டுடேலோ பாட்டுகள் இருக்கு, அந்த இசையை எல்லாம் பதிவு பண்ணி 1942ல வெளியிட்டாங்க. கயூகா ஜனங்க தங்களோட சடங்குகளோட சேத்து இதையும் காப்பாத்திட்டு வந்துருக்காங்க. தத்தெடுத்தவங்க தத்துப்பிள்ளையோட வழக்கத்தையும் சேத்து எடுத்துக்கிட்டாங்கங்கறது எவ்ளோ பெரிய விஷயம்.

1982ல மொழி ஆய்வாளர் மரியான் மித்துன் அங்க போறாங்க. டுடேலோ பேசிக்கிட்டு இருந்த ஒரு அம்மாவும் மகளும் அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வீடு தீப்பிடிச்சு இறந்துட்டாங்கன்னு தெரிய வருது. இன்னும் ஒருத்தர் இருந்தாரு, அவர்கிட்ட ஞாபகத்துல இருந்ததைக் கேட்டாங்க. மொழி 1871ல அழிஞ்சதா எழுதி நூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம் ஒரு அம்மாவும் மகளும் ஒரு வீட்டுக்குள்ள அதைப் பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. அந்த வீட்டுக்கு ஒருத்தரும் போய்க் கேட்டதா தெரியல, ஏன் கேக்கல? அழிஞ்சு போச்சுன்னு ஏட்டுல இருக்குல்ல. 'கடைசி ஆள்'ங்கற முத்திரையால வர்ற நஷ்டம் இதுதான்னு நான் உறுதியா நெனக்கிறேன், அந்த வார்த்தை தேடலையே நிறுத்திடுது. 1898க்கும் 1980க்கும் நடுவுல யாராவது ஒரு டேப் ரெக்கார்டரோட அந்த வீட்டுக்குப் போய் ரெண்டு மாசம் உக்காந்திருந்தா இன்னிக்கு டுடேலோவோட நிலைமை வேற.

இப்போ கையில இருக்குறது என்னன்னா ஹேல், ஹெவிட், டார்சி, சபிர், ஃபிராக்டன்பர்க், ஸ்பெக், மித்துன்னு பல ஆய்வாளர்கள் ஆளுக்கொரு முறையில எழுதின பட்டியல்கள். இதுல சிக்கல் நெறைய. ஒரே வார்த்தையை ஒருத்தர் 'நானி'ன்னும் இன்னொருத்தர் 'லானி'ன்னும் எழுதுறாரு, அது ரெண்டு ஊர் வழக்கா, கேட்ட காதோட வித்தியாசமா, இல்ல கயூகா பேசிப் பழகின நாக்கு பண்ண வேலையான்னு ஒவ்வொண்ணா உக்காந்து பிரிக்கணும். மூக்கொலி உயிரெழுத்து எங்க வருது, அழுத்தம் எங்க விழுதுன்னு ஹேல் எழுத்துல சரியா தெரியாது. இந்த எடத்துலதான் சொந்தக்கார மொழிகள் கை குடுக்குது. பிலோக்சியில, ஒஃபோவுல, லக்கோட்டாவுல அதே வார்த்தை எப்படி இருக்குன்னு வச்சு டுடேலோ ஓசையை ஓரளவு மீட்டெடுக்கலாம். 1980கள்ல கொலராடோவுல ஆரம்பிச்சு ராபர்ட் ராங்கின், ரிச்சர்ட் கார்ட்டர், வெஸ்லி ஜோன்ஸ் எல்லாம் வருஷக்கணக்கா உழைச்ச சூவன் ஒப்பீட்டு அகராதி 2015ல ஆன்லைன்ல வந்துச்சு, இந்த வேலைக்கு அது பெரிய முதுகெலும்பு. டுடேலோவுக்குன்னு தனியா ஜூலியா ஒலிவேரியோ 1996ல கான்சாஸ் பல்கலைக்கழகத்துல இலக்கணமும் அகராதியும் சேர்த்து ஆய்வேடு போட்டாங்க, செதறிக் கெடந்ததையெல்லாம் ஒரே எடத்துல கொண்டு வந்தது அதுதான்.

அதைப் பயன்படுத்தப் போற ஜனங்க இருக்காங்க, அதுதான் முக்கியம். வர்ஜீனியாவுல மொனாக்கன் தேசத்தாருக்கு 2018ல மத்திய அரசு அங்கீகாரம் கிடைச்சுச்சு. வட கரோலினாவுல ஹலிவா-சபோனி, ஒக்கனீச்சி சபோனி, சப்போனின்னு மாநில அங்கீகாரம் உள்ள சமூகங்கள் இருக்கு. நிகோன்ஹா காலத்துல தங்களுக்குத் தாங்களே வச்சுக்கிட்ட யெசாங்கற பேரையே மொழிக்கும் எடுத்துக்கிட்டு, இவங்கள்ல பலர் இப்போ திரும்பக் கத்துக்கிறாங்க. இல்லாத வார்த்தைக்கு என்ன பண்றதுன்னு கேள்வி வரும், லக்கோட்டாலருந்து எடுக்கலாமா, பிலோக்சி பக்கம் போலாமா, இருக்குற வேரை வச்சுப் புதுசா கட்டலாமான்னு. என்னைக் கேட்டா பிலோக்சி, ஒஃபோவை முதல்ல பாக்கணும், லக்கோட்டா பெரிய மொழிங்கறதுக்காக அதோட வார்த்தையைக் கொண்டு வந்து நிரப்பினா டுடேலோவோட தனி முகம் மறைஞ்சிரும். ஆனா முடிவு அவங்களோடது.

ஏட்டுல திருத்த வேண்டியதும் ஒண்ணு இருக்கு. டுடேலோ பத்தி எழுதுற எல்லாரும் அந்த 1871ஐ எடுத்துட்டு, ஹேலுக்கு உதவின அந்த அம்மா வழிப் பிள்ளைங்களையும், ஜான் கீயையும், 1911ல வார்த்தை சொன்ன கயூகாக்காரரையும், தீயில போன அந்த அம்மா மகளையும், அதுக்கு அப்புறமும் ஞாபகம் வச்சிருந்த அந்த ஒருத்தரையும் வரிசையா எழுதணும். அகராதியில ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்துல எழுதினவர் பேரு மட்டும் போதாது, சொன்னவர் யாருன்னும் இருக்கணும்.